யந்திரம் வந்தது; புத்தி வந்ததா?

(பொதுக்கூட்டமொன்றில் செய்த பிரசங்கம்)



பத்திரிகைகளில் நாள்தோறும் வந்துகொண்டிருக்கும் யந்திரச் செய்திகளைப் பற்றி இன்று பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். மின்சார வண்டி வந்துவிட்டது என்கிறார்கள்; சந்திரனில் நம் நாட்டுக் கலம் இறங்கிவிட்டது என்கிறார்கள்; செவ்வாய் கிரகத்திற்குக் குடிபோகப் போகிறோம் என்கிறார்கள். இவற்றைப் பற்றி உன் அபிப்பிராயம் என்ன என்பது கேள்வி. நான் காலேஜில் படித்தவனல்ல, இஞ்சினீருமல்ல. கையில் கிடைத்ததை நானாகப் படித்து, புரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டு அறிந்துகொண்டவன். ஆதலால் நான் சொன்னேன் என்பதற்காக ஒருவரும் எதையும் நம்ப வேண்டியதில்லை. உங்கள் அறிவுக்குப் பொருந்தினால் ஒப்புக்கொள்ளுங்கள்; பொருந்தாவிட்டால் இந்தத் திடலிலேயே தள்ளிவிட்டுப் போங்கள்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யந்திரத்தை நாம் விலை கொடுத்து வாங்கிக்கொண்டோம். அந்த யந்திரத்தை உண்டாக்கிய புத்தியை இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் புத்தி எதுவென்றால், ஒரு காரியம் கெட்டுப்போனால் "ஏன் கெட்டது?" என்று கேட்டு, பதில் கிடைக்கும் வரையில் விடாமல் தேடுகிற புத்தியாகும்.

எலுமிச்சம்பழமும் மின்சார வண்டியும்

கடையில் மின்சார வண்டி வாங்குகிற மனிதன் அதை நேரே எங்கே ஓட்டிக்கொண்டு போகிறான்? கோயிலுக்குத்தானே! அங்கே சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம். மாட்டு வண்டிக்கும் எலுமிச்சம்பழம். பெட்ரோல் வண்டிக்கும் எலுமிச்சம்பழம். இப்போது மின்சார வண்டிக்கும் அதே எலுமிச்சம்பழம். வண்டி எத்தனையோ மாறிவிட்டது. பழம் மாத்திரம் மாறவில்லை. ஆயுத பூஜையன்று விபத்து வரக்கூடாதென்று நடுரோட்டில் பூசணிக்காயை உடைக்கிறோம். அந்தப் பூசணிக்காயில் வழுக்கி விழுந்து கையையும் காலையும் முறித்துக் கொள்ளுகிறவர்கள் உண்டு. ரோட்டில் உடைக்காதீர்கள் என்று போலீசார் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. விபத்தைத் தடுக்கச் செய்த காரியமே விபத்துக்குக் காரணமாகிறதென்றால், இதைவிட என்ன ருஜு வேண்டும்?

சிலர் மின்சார வண்டி ஏதோ நேற்று முளைத்த அதிசயம் என்று நினைக்கிறார்கள். 1899-ஆம் ஆண்டிலேயே பெல்ஜியத்துக்காரர் ஒருவர் பிரான்சில் ஓட்டிய மின்சார வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டது. தரையில் ஓடுகிற மோட்டார்களில் அந்த வேகத்தை முதன்முதலில் தாண்டியது அதுதான். பின்னே ஏன் அது மறைந்து போயிற்று? பாட்டரி கனமாயிருந்தது, சீக்கிரம் தீர்ந்து போயிற்று, பெட்ரோல் மலிவாய்க் கிடைத்தது. இப்போது ஏன் திரும்பி வந்தது? கனம் குறைந்து மின்சாரத்தை அதிகமாய்ச் சேர்த்து வைக்கிற லித்தியம் பாட்டரி 1991-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு வழிகாட்டிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இதில் எந்த ரிஷியும் வரம் கொடுத்ததாகத் தெரியவில்லை. பல வருஷம் மெனக்கெட்டார்கள், தப்பினார்கள், திருத்தினார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2022-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் நம் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார வண்டி தீப்பிடித்து, அந்தப் புகையில் மூச்சு முட்டி ஒரு தகப்பனும் அவருடைய சிறு பெண்ணும் மாண்டு போனார்கள். கேட்டவர்களில் ஒரு கூட்டத்தார் "எல்லாம் அவன் எழுதின எழுத்து" என்றார்கள். மற்றொரு கூட்டத்தார் "மின்சார வண்டியே எமன், அது வேண்டவே வேண்டாம்" என்றார்கள். இரண்டும் சோம்பேறிப் பேச்சு என்பேன். இரண்டு கூட்டத்தாருமே ஏன் தீப்பிடித்தது என்று கேட்கவில்லை.

கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்தது. வண்டியிலுள்ள பாட்டரி என்பது ஒரே பெட்டியல்ல. பல சிறு செல்களைச் சேர்த்துக் கட்டினது. ஒரு செல் உள்ளே பழுதாகிச் சூடேறினால், அந்தச் சூடு அடுத்ததைத் தாக்கும். அது அதற்கு அடுத்ததைத் தாக்கும். கீற்றுக் கொட்டகைகளை நெருக்கி நெருக்கிப் போட்டிருக்கும் தெருவில் ஒரு கொட்டகையில் பிடித்த தீ தெருவையே எரிப்பது போலத்தான். அந்த வருஷம் பல ஊர்களில் வண்டிகள் எரியவே, சர்க்கார் நிபுணர்களை வைத்து விசாரித்தது. பிறகு 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாய்ப் புதிய விதிகள் அமுலுக்கு வந்தன. செல்களுக்கு நடுவே இடைவெளி இருக்கவேண்டும். சூடு மீறினால் எச்சரிக்கை கொடுக்கவேண்டும். உள்ளே சேருகிற வாயு வெளியேற வழி இருக்கவேண்டும் என்பவை அவற்றிற் சில. இனிமேல் ஒரு குழந்தை பிழைக்குமானால் இந்த விதிகளால்தான் பிழைக்கும். ஆகவே வண்டி வைத்திருக்கும் தோழர்கள், படுக்கிற அறையிலும் வீட்டு வாசற்படியை அடைத்தும் சார்ஜ் போடாதீர்கள். வண்டியோடு கொடுத்த சார்ஜரைத் தவிர வேறொன்றை மாட்டாதீர்கள். ஓட்டி வந்த சூடு ஆறும் முன்னே சார்ஜ் போடாதீர்கள். எலுமிச்சம்பழத்துக்குக் கொடுக்கிற கவனத்தில் கால்வாசியை இதற்குக் கொடுத்தால் போதும்.

சந்திரனில் விழுந்ததும் இறங்கியதும்

இனி ஆகாயத்திற்குப் போவோம். 2019-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் சந்திரயான்-2 அனுப்பிய கலம் இறங்கும்போது சந்திரனில் மோதி நொறுங்கிற்று. 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரயான்-3 சேதமில்லாமல் இறங்கிற்று. இவ்விரண்டிற்கும் நடுவில் நடந்தது என்ன?

அந்த இலாகாவின் தலைவராயிருந்த சோமநாத் அவர்களே இதை விளக்கிச் சொல்லியிருக்கிறார். முதல் தடவை இறங்கும்போது அதிலிருந்த 5 இஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிட அதிகமாய்த் தள்ளின. அந்தப் பிழை கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போயிற்று. அதைச் சரிசெய்யக் கலம் வேகமாய்த் திரும்பவேண்டியிருந்தது. அவ்வளவு வேகமாய்த் திரும்ப அதற்கு ஏற்பாடு செய்திருக்கவில்லை. இறங்குவதற்குக் குறித்த இடமோ 500 மீட்டர் சதுரந்தான். இந்தக் குறைகளை மூடி மறைக்காமல் எழுதி வைத்துக்கொண்டார்கள். அடுத்த தடவை இஞ்சின்களை 4 ஆக்கினார்கள், கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளை அதிகமாக்கினார்கள், இறங்கும் இடத்தைப் பல மடங்கு விஸ்தாரமாக்கினார்கள், இன்னும் எது எது கெடக்கூடும் என்று முன்கூட்டியே யோசித்து அதற்கெல்லாம் பரிகாரம் செய்தார்கள். இந்த வேலையை நடத்திய திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர், ரயில்வே தொழிலாளி ஒருவரின் மகன், பாலிடெக்னிக்கில் டிப்ளமாப் படித்து மேலே போன வீரமுத்துவேல் அவர்கள். இன்னார் வீட்டில் பிறந்தவனுக்குத்தான் மூளை உண்டு என்று சொல்லுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

ஆனால் தோழர்களே, சந்திரயான்-3 கிளம்புவதற்கு முந்தின நாள், அந்த இலாகாவைச் சேர்ந்த விஞ்ஞானிகள் அதன் சிறு மாதிரி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போனார்கள். ஒருவர் தம் மனத்திருப்திக்காகக் கோயிலுக்குப் போனால் அது அவருடைய சொந்த விஷயம். பொதுஜனங்களின் வரிப்பணத்தில் செய்த ராக்கெட்டைச் சுவாமியிடம் ஒப்படைப்பது சொந்த விஷயமாகாது. அது போகட்டும். கணக்காகவே பார்ப்போம். 2019-இலும் திருப்பதி தரிசனம் நடந்தது, 2023-இலும் நடந்தது. இரண்டு தடவையும் வேண்டுதல் ஒன்றுதான். பலன் மாத்திரம் மாறிவிட்டது. அப்படியானால் பலன் மாறினதற்குக் காரணம் மாறாத வேண்டுதலா, மாறின இஞ்சினும் காலுமா? நாலாம் வகுப்புப் பையனிடம் கேட்டாலும் சொல்லிவிடுவானே!

இறங்கின இடத்திற்கோ "சிவசக்தி" என்று பெயர் வைத்தார்கள். சிவனும் சக்தியுந்தான் இறக்கி வைத்தார்களென்றால் 2019-இல் அவர்கள் எங்கே போயிருந்தார்கள்? வெற்றி வந்தால் கடவுளுடையது, தோல்வி வந்தால் விஞ்ஞானியுடையது என்பது என்ன நியாயம்?

பழம்பெருமையின் கதி

அதே ஆகஸ்டு மாதம் 19-ந் தேதி ருஷியாவின் லூனா-25 சந்திரனில் மோதி நாசமாயிற்று. 84 வினாடி எரிந்து நிற்கவேண்டிய இஞ்சின் 127 வினாடி எரிந்துவிட்டது. சந்திரனில் முதன்முதலில் பத்திரமாய்க் கலத்தை இறக்கிய தேசம் அது! ஆனால் 1976-க்குப் பிறகு 47 வருஷம் அவர்கள் அந்த வேலையைத் தொடவில்லை. பாட்டன் வித்தை பேரனுக்குத் தானாக வராது என்பதற்கு இது போதும்.

உண்மையாகவே செய்து காட்டினவர்களின் கதியே இதுவானால், செய்யாததைச் செய்ததாகப் பேசுகிறவர்கள் கதி என்ன? 2015-இல் பம்பாயில் கூடிய இந்திய விஞ்ஞானக் காங்கிரசில், வேத காலத்திலேயே நம்மவர்கள் விமானம் ஓட்டினார்கள் என்று ஒரு கட்டுரை படித்தார்கள். அதற்கு அவர்கள் காட்டுகிற ஆதாரம் "வைமானிக சாஸ்திரம்" என்ற புஸ்தகம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் 1974-ஆம் வருஷத்திலேயே அதைப் பரிசோதித்து, அது 1904-க்கு முந்தினதாக இருக்க முடியாதென்றும், அதில் சொல்லியிருக்கும் விமானங்கள் பறக்கமாட்டா என்றும் எழுதிவிட்டார்கள். 41 வருஷத்துக்கு முன் தீர்ந்துபோன வழக்கை விஞ்ஞான மேடையில் ஏற்றினார்களென்றால், ஜனங்கள் ஆதாரம் கேட்கமாட்டார்கள் என்ற தைரியந்தானே?

புதிய அவதாரம்

பழைய அவதாரங்களை விட்டுவிட்ட நம் வாலிபர்கள் சிலர் புதிய அவதாரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவிலுள்ள ஈலான் மஸ்க் என்ற பணக்காரர் எதைச் சொன்னாலும் வேதவாக்கு என்கிறார்கள். அவருடைய கம்பெனி செய்த வேலையை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. 2006, 2007, 2008 ஆகிய வருஷங்களில் அவர்கள் விட்ட முதல் மூன்று ராக்கெட்டுகளும் தோற்றுப் போயின. 2008 செப்டம்பரில் நான்காவது ஜெயித்தது. 2015 டிசம்பரில், மேலே போன ராக்கெட்டின் அடிப்பாகத்தைத் திரும்பத் தரையில் நேராய் இறக்கினார்கள். 2017-இல் அப்படி இறங்கிய ஒன்றையே மறுபடியும் ஏவினார்கள். ஒருதரம் விட்டுக் கடலில் எறிந்துவிடுகிற சாமானைத் திரும்ப உபயோகித்தால் செலவு குறையுமல்லவா? இதெல்லாம் அங்குள்ள எத்தனையோ இஞ்சினீர்களும் தொழிலாளிகளும் சேர்ந்து செய்த கெட்டிக்காரத்தனம். பாராட்டுவோம்.

ஆனால் அதே மனிதர் 2017-இல் செவ்வாய்க்கு 2022-இல் சரக்குக் கப்பல் போகும், 2024-இல் மனிதர் போவார்கள் என்றார். 2022-ம் போயிற்று; 2024-ம் போயிற்று; கப்பல் போகவில்லை. ஆளில்லாமல் தானே ஓடும் வாடகை மோட்டார் பத்து லக்ஷம் அடுத்த வருஷமே ஓடும் என்று 2019-இல் சொன்னார். 2020-இல் அப்படி ஒன்றும் ஓடவில்லை. நம் ஊர் ஜோசியன் பலிக்காததை மறைத்துப் பலித்ததை மாத்திரம் தமுக்கடிக்கிறான் என்று நாம் சிரிக்கிறோமே, கோட்டும் சூட்டும் போட்ட ஜோசியத்தை மாத்திரம் ஏன் நம்பவேண்டும்? செய்ததைச் செய்ததென்று ஒப்புக்கொள்ளுவோம். சொன்னதைச் சொன்னதென்று மாத்திரம் வைத்துக்கொள்ளுவோம்.

நிலவும் சாக்கடையும்

கடைசியாக ஒரு விஷயம். இதுவரையில் யந்திரம் ஏன் கெட்டது, ஏன் ஜெயித்தது என்று கேட்டோம். அந்தக் கேள்வியை யந்திரத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

சந்திரனில் இறங்கின அதே 2023-ஆம் வருஷம் அக்டோபர் 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. சாக்கடைக் குழியில் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்குக் கொடுக்கவேண்டிய நஷ்ட ஈட்டை 10 லக்ஷத்திலிருந்து 30 லக்ஷம் ரூபாயாக உயர்த்திய தீர்ப்பு அது. மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளுவதை 2013-ஆம் வருஷத்துச் சட்டமே தடுத்திருக்கிறது. சட்டம் வந்து பத்து வருஷமான பிறகும் பிணத்துக்கு விலை நிர்ணயிக்க வேண்டியிருந்தது என்றால், ஆள் இறங்குவது நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்?

யந்திரம் இல்லையா? இருக்கிறது. 2018-இலேயே கேரளத்து வாலிபர்கள் சிலர் சாக்கடைக் குழியில் இறங்கி அழுக்கை வாருகிற யந்திரம் ஒன்றைச் செய்து திருவனந்தபுரத்தில் வேலைக்கு விட்டார்கள். லக்ஷக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள சந்திரனில் ஆளில்லாமல் வண்டி ஓட்டுகிற தேசத்துக்குப் பத்தடிக் குழியில் ஆளில்லாமல் வேலைசெய்யத் தெரியாதா? தெரியும். பின்னே ஏன் செய்யவில்லை? விஷவாயு நிறைந்த அந்தக் குழியில் இறங்குகிறவன் எந்த ஜாதிக்காரன் என்று பாருங்கள். பதில் அங்கே இருக்கிறது. அவன் உயிர் மலிவாய்க் கிடைக்கிறபடியால் யந்திரம் கிராக்கியாய்த் தோன்றுகிறது. மேல்ஜாதிக்காரர் பிள்ளைகள் முறைபோட்டுக்கொண்டு அந்தக் குழியில் இறங்கவேண்டும் என்று ஒரு சட்டம் வந்தால், மறுவாரமே வார்டுக்கு ஒரு யந்திரம் வந்துவிடாதா?

சந்திரனுக்கு ஏன் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. நன்றாய்ப் போகட்டும். அங்கே போவதற்குக் காட்டிய அக்கறையை, ஒரு இஞ்சின் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாய்த் தள்ளினாலும் ஏன் என்று நாலு வருஷம் ஆராய்ந்த அக்கறையை, குழியில் செத்த மனிதனிடமும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். நொறுங்கின கலத்துக்கு விசாரணை. மாண்ட மனிதனுக்கு மாலையா?

ஆகவே தோழர்களே! நாளைக் காலையில் பத்திரிகையில் ஒரு யந்திரச் செய்தியைப் படித்தால் வாயைப் பிளக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். இது எப்படி வேலை செய்கிறது, கெட்டால் ஏன் கெடும், இதனால் யாருக்கு இலாபம், யார் இன்னும் குழியிலேயே இருக்கிறார்கள் என்று உங்கள் வீட்டிலும் டீக்கடையிலும் பேசுங்கள். உங்கள் ஊர் நகரசபையிலும் பஞ்சாயத்திலும், சாக்கடை சுத்தம் செய்ய யந்திரம் இருக்கிறதா, இல்லாவிட்டால் என்றைக்கு வரும் என்று எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வருகிறவரையில் கேளுங்கள்.