சாமிகளை விசாரித்த பாதிரியார்

இந்து புராணங்களின் தெய்வங்களையும் வீரர்களையும் அறிமுகப்படுத்திப் பேசச் சொன்னார்கள். "நமக்கு எதுக்கு சிஸ்டர் இந்தச் சாமி கதையெல்லாம்?" என்று எங்கள் சபையில் ஒருவர் கேட்டார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியைச் சந்தித்த ஒருவர் இருக்கிறார். அவர் வழியாகவே பேசுகிறேன்.

பார்த்தலோமேயு சீகன்பால்க், ஜெர்மானியர். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய லுத்தரன் பாதிரியார். பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். ஓலைச்சுவடிகளைச் சேகரித்தார். தமிழர்களுக்குக் கேள்விகளைக் கடிதமாக அனுப்பிப் பதில் வாங்கினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை ஒரு நூலாக ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தார்.

அதில் நான்கு பகுதிகள். முதலில் பராபரவஸ்து. அடுத்து மும்மூர்த்திகளும் அவர்கள் குடும்பமும். நான்காவதில் தேவர்கள், ரிஷிகள். மூன்றாவது பகுதிதான் எனக்கு முக்கியம். அது முழுக்கக் கிராம தேவதைகள்: ஐயனார், மாரியம்மன், எல்லம்மன், அங்காளம்மன், பிடாரி. இங்கே நம் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் ஆங்கிலப் புராணப் புத்தகங்களில் ராமரும் அர்ச்சுனனும் இருப்பார்கள். பிடாரியைப் பார்ப்பது அரிது. மதுரைவீரனும் காத்தவராயனும் அப்படித்தான். அவர்கள் கொல்லப்பட்ட பிறகு சாமியான வீரர்கள்.

நான் நர்ஸ். ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்த ஒரு பாட்டிக்கு உடம்பெல்லாம் கொப்புளம். "ஆத்தா வந்திருக்கா" என்றார். போனில் மொழிபெயர்த்தவர், "அவருடைய தாயார் வந்திருக்கிறார்" என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் கதவைத் திரும்பிப் பார்த்தார்! மாரியம்மன் யார், அம்மையை ஏன் அம்மை என்கிறோம், தலையணைக்கடியில் வேப்பிலை எதற்கு என்று நான்தான் விளக்கினேன். உலகத்தில் பெரியம்மை ஒழிந்ததாக 1980இல் அறிவித்துவிட்டார்கள். ஆனால் சின்னம்மை வந்தால் கிறிஸ்தவர்களான எங்கள் வீட்டிலும் "அம்மை போட்டிருக்கு" என்றுதான் சொல்வோம். அந்தச் சொல்லில் மாரியம்மன் இருக்கிறாள்.

சீகன்பால்க் மதம் மாற்ற வந்தவர்தான். அதை அவர் மறைக்கவில்லை. உருவ வழிபாட்டை அவர் ஏற்கவும் இல்லை. ஆனாலும் அந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறவரிடமே கேட்டார், அவர்கள் எழுதிய பதில்களை நூலிலும் சேர்த்தார். கையெழுத்துப் பிரதி ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்குப் போனது. அஞ்ஞானத்தை வேரறுக்கத்தான் அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அங்கிருந்த பொறுப்பாளர்களின் எண்ணம். நூல் அச்சேறவில்லை. சீகன்பால்க் 1719இல் தரங்கம்பாடியில் இறந்தார். 1867இல்தான், அதுவும் சென்னையில், வில்ஹெல்ம் ஜெர்மன் என்பவர் அதைப் பதிப்பித்தார். கணக்குப் போட்டால் 154 ஆண்டுகள். அன்றைய ஊர்த் தெய்வங்களைப் பற்றி அறிய ஆய்வாளர்கள் இன்றும் அந்த நூலைத் தேடிப் போகிறார்கள்.

சபையில் கேட்டவருக்கு என் பதில் இதுதான்: அடுத்தவர் சாமியைத் தெரிந்துகொண்டதால் சீகன்பால்கின் விசுவாசம் குறைந்துவிடவில்லை. என்னுடையதும் குறையவில்லை. ஜெபம் செய்துவிட்டுத்தான் டூட்டிக்குப் போகிறேன். ஆனால் கட்டிலில் படுத்திருப்பவர் யாரை நம்பிக் கண் மூடுகிறார் என்று தெரியாமல் அவரை எப்படிப் பார்த்துக்கொள்வது?

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் குலசாமியின் பெயரையும் கதையையும் இந்த வாரமே கேளுங்கள். ஏற்கெனவே தெரிந்தவர்கள் கேள்வி நேரத்தில் எனக்குச் சொல்லுங்கள். எழுதிக்கொள்ள நோட்டு வைத்திருக்கிறேன்.