இடைக்கச்சையும் இரண்டு முடிச்சுகளும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசுப்பா. ஆனா காங்கிரீட்டைப் பத்தி மட்டும் பேசாதே" என்று சங்கச் செயலாளர் அன்புக் கட்டளை இட்டார். 2011-ல் இங்கே சிவில் முடித்துவிட்டு அன்று முதல் காங்கிரீட்டோடு குடும்பம் நடத்துகிறவனை இப்படிச் சொன்னால் வேறு எதைப் பேசுவது? நான்கு வருடம் மாலை வேளைகளில் நம் மைதானத்தில் கராத்தே பழகியது நினைவுக்கு வந்தது. ஆகவே இன்றைய தலைப்பு, பெல்ட் கட்டுவது எப்படி என்பது. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். முடிக்கும்போது ஓர் உயிர்ச் சமாச்சாரத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறேனா இல்லையா, பாருங்கள்.

முதலில் கொஞ்சம் வரலாறு. வெள்ளைப் பெல்ட் அழுக்கேறி அழுக்கேறிக் கறுப்பானதுதான் பிளாக் பெல்ட் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது கதைதான். 1882-ல் டோக்கியோவில் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கியவர் ஜிகோரோ கானோ. அடிப்படையில் அவர் ஒரு கல்வியாளர். 'கோ' என்ற பலகை விளையாட்டில் இருந்த 'டான்' தரவரிசையை எடுத்து 1883-ல் தன் மாணவர்கள் இருவருக்கு முதல் டான் கொடுத்தார். கறுப்பு இடைக்கச்சை அதே 1880-களில் வந்தது. இன்று நாம் காணும் ஜூடோ உடை 1907 வாக்கில் உருவானது. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்ற வண்ண வரிசை பரவியதோ 1935-க்குப் பிறகு, பாரிஸில் கவாய்ஷி என்ற ஜப்பானிய ஆசிரியர் வழியாக. ஓகினாவாவிலிருந்து 1922-ல் டோக்கியோ வந்து கராத்தே கற்பித்த ஃபுனாகோஷி, 1924-ல் தன் மாணவர்களுக்கு டான் கொடுத்தபோது ஜூடோவின் இந்த ஏற்பாட்டைத்தான் எடுத்துக்கொண்டார். ஆக, ஆயிரமாண்டுப் பழமை என்று நாம் நினைக்கும் பெல்ட்டுக்கு வயது நூற்றைம்பதுகூட ஆகவில்லை.

இனி கட்டும் முறைகள். ஜப்பானிய மொழியில் இதற்கு 'ஓபி' என்று பெயர்.

முதல் முறை, பின்னால் குறுக்கே போவது. பெல்ட்டின் நடுவை மடித்துக் கண்டுபிடித்துத் தொப்புளுக்குக் கீழே வைக்க வேண்டும். இரு முனைகளையும் முதுகுப் பக்கம் கொண்டுபோய் ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கிட்டு முன்னால் கொண்டு வந்து முடிச்சுப் போட வேண்டும். நடுவிலிருந்து தொடங்குவதால் இரண்டு முனைகளும் தாமாகவே ஒரே நீளத்தில் தொங்கும். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு இது சுலபம். ஆனால் முதுகில் பெருக்கல் குறி மாதிரி ஒரு மேடு விழும். மல்லாந்து விழுந்து பழகுகிறவர்களுக்கு அது உறுத்தும்.

இரண்டாவது முறையில் குறுக்கீடே கிடையாது. ஒரு முனையை வேண்டிய அளவு முன்னால் விட்டுப் பிடித்துக்கொண்டு, மீதியை இடுப்பைச் சுற்றி இரண்டு முறை, ஒன்றின் மேல் ஒன்றாகப் படியச் சுற்ற வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் ஒரே பட்டையாகத் தெரியும். அழகும் இதுதான், வசதியும் இதுதான். முனைகளைச் சமப்படுத்தத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

மூன்றாவது, ஒரே சுற்று. ஜெனரல் சோய் ஹாங் ஹி வழிவந்த டேக்வாண்டோவில் இப்படித்தான் கட்டுவார்கள். நான்காவது, வாள் பயிற்சியான இயாய்டோவில் கட்டும் அகலமான கச்சை. அதைச் சுற்றிய பிறகு, சுற்றுகளுக்கு நடுவில்தான் வாளுறையைச் செருகுவார்கள். அங்கே கச்சை வாளையும் தாங்க வேண்டும்.

சுமோ மல்லர்கள் கட்டும் 'மவாஷி' தனி ரகம். ஏறக்குறைய 9 மீட்டர் நீளம். தனியாளாகக் கட்டிக்கொள்ள முடியாது. ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் சுழன்று சுழன்று சுற்றிக்கொள்வார். நம் பக்கத்துக் கேரளத்தில் களரிப்பயிற்றுக்காரர்கள் நீளமான கச்சையைச் சுற்றிக்கொள்வதும் இதே பாணிதான். சுமோவில் மவாஷி முழுவதும் அவிழ்ந்துவிட்டால் ஆட்டம் காலி. 2000-ம் ஆண்டு மே மாதப் போட்டியில் ஒரு மல்லர் அப்படித் தோற்றும் இருக்கிறார்.

"ஏன் சார், எது சரியான முறை?" என்று மாணவர்கள் கேட்பார்கள். உங்கள் மாஸ்டர் சொல்வதுதான் உங்களுக்குச் சரி. ஒவ்வொரு பள்ளியும் தன் முறைதான் அசல் என்று சாதிக்கும். அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். ஆனால் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக இரண்டு விஷயங்கள் உண்டு. என்னைக் கேட்டால் அந்த இரண்டுதான் முக்கியம்.

ஒன்று, முடிச்சின் முதல் மடிப்பில் மேல்முனை எல்லாச் சுற்றுகளுக்கும் அடியில் நுழைந்து மேலே வர வேண்டும். வெளிச்சுற்றை மட்டும் பிடித்துக் கட்டினால் உள்சுற்று நழுவிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடத்தில் பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும். பொறியியல் படிக்கிறவர்களுக்கு இது புரியும். கம்பத்தில் கயிறு சுற்றும் கணக்கை மெக்கானிக்ஸில் போட்டிருப்பீர்கள். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்தால், ஒரு முனையில் 1 கிலோ பிடிக்கிற கை, ஒரு சுற்றில் சுமார் 6.5 கிலோவையும், இரண்டு சுற்றில் சுமார் 43 கிலோவையும் தாங்கும். இடுப்பு கம்பம் இல்லைதான். இருந்தாலும் சுற்றுகள் ஒன்றாகப் பிடிபட்டால்தான் உராய்வு நமக்கு வேலை செய்யும்.

இரண்டாவது, முடிச்சு சதுர முடிச்சாக இருக்க வேண்டும். இடதை வலதின் மேல் போட்டு ஒரு தடவை, அடுத்து வலதை இடதின் மேல் போட்டு ஒரு தடவை. சாரணர் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு இது ரீஃப் முடிச்சு. உலகச் சாரணர் சின்னத்தைச் சுற்றியிருக்கும் கயிற்றில் இருப்பதும் இதே முடிச்சுதான். இரண்டு தடவையும் இடதையே வலதின் மேல் போட்டுவிட்டால் அது வேறு முடிச்சு. ஆங்கிலத்தில் அதற்கு 'கிரானி' என்று பெயர். நாங்கள் 'பாட்டி முடிச்சு' என்போம். பாட்டிமார்கள் மன்னிக்க வேண்டும்.

கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். சதுர முடிச்சில் முனைகள் இரண்டும் பக்கவாட்டில் படுத்து, அழகாக இருபுறமும் தொங்கும். பாட்டி முடிச்சில் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று முறைத்துக்கொண்டு நிற்கும். ஜப்பானில் இப்படி நெட்டுக்குத்தாக நிற்கும் முடிச்சை அபசகுனம் என்பார்கள். இறந்தவருக்கு உடுத்தும் ஆடையை அப்படிக் கட்டுவது அங்கே வழக்கம். சகுனத்தை விடுங்கள், பாட்டி முடிச்சு சீக்கிரம் அவிழும், அதுதான் நமக்கு விஷயம். ஜூடோ போட்டியில் பெல்ட் அவிழ்ந்தால் நடுவர் 'மத்தே' என்று நிறுத்திக் கட்டச் சொல்வார். வேண்டுமென்றே அவிழ்த்தால் தண்டனை உண்டு. போட்டி விதியிலேயே பெல்ட்டின் அகலம் 4 முதல் 5 செ.மீ., கட்டிய பின் தொங்கும் முனை 20 முதல் 30 செ.மீ. என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஏன் ஒன்று நிற்கிறது, மற்றது நழுவுகிறது? நெடுங்காலம் இது அனுபவ அறிவாகவே இருந்தது. 2017-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஷூ லேஸை ஆராய்ந்தார்கள். ஓடும்போது கால் தரையில் மோதும் அதிர்ச்சி, புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 7 மடங்கு. அந்த அதிர்ச்சி முடிச்சைத் தளர்த்துகிறது. ஆடும் முனைகள் அதைப் பிடித்து இழுக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் முடிச்சு காலி. உதைக்கும்போது நம் பெல்ட் முனைகள் சாட்டை மாதிரி அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு 2020-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், இழுவிசைக்கு ஏற்ப நிறம் மாறும் இழைகளில் முடிச்சுப் போட்டுப் பார்த்தார்கள். முடிச்சை இறுக்கும்போது இழைகள் ஒன்றையொன்று எதிரெதிர்த் திசையில் முறுக்கினால் பூட்டிக்கொள்கின்றன. ஒரே திசையில் முறுக்கினால் உருண்டு நழுவிவிடுகின்றன. சதுர முடிச்சுக்கும் பாட்டி முடிச்சுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இனிமேல்தான் நான் சொன்ன உயிர்ச் சமாச்சாரம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கட்டட வேலையில் இருந்தேன். எந்த இடம், யார் ஒப்பந்தக்காரர் என்பதெல்லாம் வேண்டாம். மூன்றாம் மாடிக்குச் சென்ட்ரிங் பலகைக் கட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கயிறு நீளம் போதாமல் இரண்டு கயிற்றை இணைத்திருந்தார்கள். கீழே இரண்டு சித்தாள்கள் நிற்கிறார்கள். இணைப்பைப் பார்த்தேன். அச்சு அசலாக என் பெல்ட்டில் நான் போடும் அதே சதுர முடிச்சு! பார்க்க அவ்வளவு நேர்த்தி. உடனே நிறுத்தச் சொன்னேன்.

மேஸ்திரிக்குக் கோபம். "என்ன சார், இருபது வருஷமா இப்படித்தான் கட்றோம். ஒண்ணும் ஆவல." நான் வாக்குவாதம் செய்யவில்லை. கயிற்றை இறக்கி அவர் கையிலேயே கொடுத்து, "அண்ணே, இந்த ஒரு முனையை மட்டும் பக்கவாட்டுல வெடுக்குனு இழுங்க" என்றேன். இழுத்தார். முடிச்சு புரண்டு, ஒரு கயிறு நேராகிவிட்டது. மற்ற கயிறு அதன்மேல் வெறும் கண்ணியாய் உட்கார்ந்து, வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கீழே நின்ற பெண்களைப் பார்த்தார். "யம்மா, தள்ளிப் போங்க" என்றார்.

இதுதான் நண்பர்களே, சதுர முடிச்சின் குணம். உடம்பைச் சுற்றி, உடம்பின் அழுத்தத்தில் படுத்திருக்கும்வரை அது தங்கமானது. பாய்மரத்தை மடித்துக் கட்டவும், காயத்துக் கட்டுக்கும் அதைப் பயன்படுத்துவது அதனால்தான். வேண்டும்போது சுலபமாக அவிழ்க்கலாம். அந்தச் சுலபமே இரண்டு கயிற்றை இணைத்து எடை தூக்கும்போது எமனாகிவிடும். முடிச்சுகளைப் பற்றி 1944-ல் பெரிய நூல் எழுதிய கிளிஃபோர்டு ஆஷ்லி இந்த ஆபத்தைக் கடுமையாகவே எச்சரித்திருக்கிறார்.

அன்று மேஸ்திரியே ஆளனுப்பி முழு நீளக் கயிறு வரவழைத்தார். வேலை அரை நாள் தாமதம். காத்திருந்த நேரத்தில் அவர் ஒரு நூல் துண்டை எடுத்து வேறொரு முடிச்சுப் போட்டுக் காட்டினார். "இது எங்கப்பா தறியில அறுந்த இழைக்குப் போடற முடிச்சு சார். இது நழுவாது." பார்த்தால், மாலுமிகள் 'ஷீட் பெண்ட்' என்று சொல்லும் முடிச்சின் அதே அமைப்பு! நெசவாளர் முடிச்சு என்றே அதற்குப் பெயர் உண்டு. அந்த மனிதர் கையில் சரியான அறிவு சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது. தறியில் கற்றதைச் சாரத்துக்குக் கொண்டுவர யாரும் அவரைக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

மாணவத் தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் நாளை சைட்டுக்குப் போவீர்கள். டிராயிங் பார்ப்பீர்கள், பில் சரிபார்ப்பீர்கள். தயவுசெய்து கயிற்றையும் பாருங்கள். எடை ஏறும் பாதைக்குக் கீழே ஆள் நிற்கக் கூடாது. இணைத்த கயிற்றில் எடை தூக்கக் கூடாது. "இருபது வருஷமா இப்படித்தான்" என்று யாராவது சொன்னால் அவரைத் திட்டாதீர்கள். அவர் கையிலேயே கயிற்றைக் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள். வாயால் சொன்னதைவிட, கை கண்டது நிற்கும்.

நம் தமிழில் ஒரு வேலையில் முனைந்து இறங்குவதை 'வரிந்து கட்டிக்கொண்டு' என்கிறோம். வரிந்து கட்டினால் மட்டும் போதாது, எந்த வேலைக்கு எந்த முடிச்சு என்று தெரிந்து கட்ட வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மைதானத்தின் ஓரம், வேப்ப மரத்தடியில் இருப்பேன். இரண்டு பெல்ட்டும் நாலு முழம் கயிறும் கொண்டு வந்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் சதுர முடிச்சு ஒன்று, நெசவாளர் முடிச்சு ஒன்று போட்டுக் காட்டிவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். சீனியர்களுக்கும் விலக்கு இல்லை.