தொழுவமும் வீடாகுமோ?
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் பேரேடுகளோடு காலம் கழிக்கும் நமக்குக் கட்டடங்களைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று சிலர் வினவலாம். பொறியியல் கல்வி நமக்கில்லை என்பது மெய்யே. ஆயினும், பிழைப்பை நாடி வெளியூர் வந்து, விடுமுறைக்கு மட்டும் ஊர் திரும்பும் ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழும் வினா ஒன்று உண்டு. பழைய வீட்டையும் அதனைச் சூழ்ந்த கொட்டில்களையும் என்ன செய்வது என்பதே அது.

நம்மிற் பலருக்குப் பிறந்த மண் காந்தலூர். மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்தூர்களும் சேர்ந்தது அஞ்சுநாடு. மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லப்படும் நம் முன்னோர், மண்ணால் சுவர் எழுப்பிப் புல்லால் கூரை வேய்ந்து வாழ்ந்தனர். வீட்டருகே தொழுவமும் தவசக் களஞ்சியமும், கரும்புத் தோட்டத்தில் வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகையும் அமைத்தனர். மறையூர் வெல்லம் 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. 2023இல் நடுவண் அரசின் சுற்றுலா அமைச்சகம் காந்தலூரைச் சிறந்த சுற்றுலாச் சிற்றூராகத் தேர்ந்து தங்க விருது அளித்தது. விருந்தினர் வரவு பெருகவே, மாடில்லாத தொழுவத்தையும் கரும்பில்லாத கொட்டகையையும் அறைகளாக்கலாம் என்னும் எண்ணம் பலருக்கும் தோன்றுகிறது.

இவ்வெண்ணம் புதியதன்று, தவறானதுமன்று. கேரளத்துப் பெருவீடுகளில் பத்தாயப்புரையின் கீழே நெல்லும் மேலே மாந்தரும் இருந்ததுண்டு. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் மதுவுக்கான ஹாப் பூவை உலர்த்திய சூளைக் கூடங்கள் பல இன்று குடியிருப்புகளாக விளங்குகின்றன. நம் துறையிலிருந்தும் ஒரு சான்று கூறலாம். மூணாற்றில் 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908இல் குறுகிய பாதையாக மாறிய குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில், 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் அழிந்தது. வண்டி மறைந்தும் மூணாற்று நிலையக் கட்டடம் மறையவில்லை. பின்னாளில் தேயிலை நிறுவனத்தின் அலுவலகமாயிற்று. வேலை இழந்த கட்டடத்துக்கு வேறு வேலை கொடுப்பதே அதனைக் காக்கும் வழி என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

ஆனால் மாட்டுக்குக் கட்டியது வேறு, மனிதனுக்குக் கட்டுவது வேறு. இவ்வேறுபாட்டை நினைவூட்டவே விதிகள் உள்ளன. 1970இல் முதன்முதல் வெளியாகி 2016இல் திருத்தம் பெற்ற தேசியக் கட்டடத் தொகுப்பு, குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது. அஃது ஏறத்தாழ 9 அடி. ஓர் அறையே உள்ள வீடாயின் பரப்பு 9.5 சதுர மீட்டரும், அகலம் 2.4 மீட்டரும் குறைதலாகாது. சன்னல் முதலிய திறப்புகள், வெப்பமும் ஈரமும் மிக்க இடத்தில் தரைப்பரப்பில் 6இல் ஒரு பங்கும், குளிர்ந்த இடத்தில் 12இல் ஒரு பங்கும் இருத்தல் வேண்டும். கேரள ஊராட்சிக் கட்டட விதிகள் 2019இன்படி, ஒரு கட்டடத்தின் பயனை ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாற்றவும் ஊராட்சியின் அனுமதி தேவை. குடிநீர்க் கிணற்றுக்கு 7.5 மீட்டருக்குள் கழிவுக்குழி தோண்டலாகாது. இவற்றுள் எது வீண் கெடுபிடி? உயரம் காற்றுக்காக, சன்னல் வெளிச்சத்துக்காக, கிணற்றின் தூரம் நம் குழந்தைகளின் வயிற்றுக்காக.

இனி, செய்முறையைச் சிறிது நோக்குவோம். தொழுவத்தின் தரையில் பல்லாண்டு காலக் கோமியம் ஊறியிருக்கும். அதன் உப்பு சுவரில் ஏறிப் பூத்து, ஈரத்தை இழுக்கும். ஆகவே பழைய மண்ணைத் தோண்டி அகற்றி, உடைகல் பரப்பி, அதன்மேல் புதுத்தரை இடுதல் வேண்டும். மண்சுவரின்மீது சிமெண்டு பூசுவோர் பலர். சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது. உள்ளே சுவர் இளகும், மேலே பூச்சு பெயரும். மண்ணுக்கு ஏற்ற துணை சுண்ணாம்பே. மண்ணும் உள்ளூர்ப் பொருளும் இழிந்தவையல்ல என்பதை லாரி பேக்கர் கேரளத்திலேயே கட்டிக் காட்டி, 2007இல் மறைந்தார்.

ஆலைக் கொட்டகைக்கு உயரம் உண்டு, காற்று உண்டு. சுவர் அடைத்தால் வீடாகும். ஆனால் புகை படிந்த புற்கூரையின் கீழ் அடுப்பு வைத்தல் ஆகாது. களஞ்சியமோ தாழ்ந்தது, இருண்டது. அதனை அறையாக்க முயல்வதினும் களஞ்சியமாகவே வைத்தல் நன்று.

எல்லாவற்றிற்கும் முன்னே கேட்கவேண்டியது, கட்டடம் நிற்கும் இடம் எது என்பதே. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இராசமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. 70 உயிர்கள் போயின. அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர். சுவரை நேராக்கலாம், கூரையை மாற்றலாம். சரிவை மாற்ற நம்மால் இயலாது. நீரோடும் பள்ளத்திலோ, வெட்டிய சரிவின் அடியிலோ நிற்கும் கொட்டிலில் விறகு வைக்கலாம், மனிதர் உறங்கலாகாது.

அன்பர்களே! ஊரில் இருப்பவர் வயது முதிர்ந்த பெற்றோர். பணம் அனுப்பி ஆணையிடுவோர் தொலைவில் உள்ள நாம். பெரிய வீட்டை விருந்தினருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, பெற்றோரைத் திருத்திய தொழுவத்தில் இருத்தலாம் என்னும் கணக்கு நம்மிடையே எழுமானால், அதனை அக்கணமே அடித்துவிடுவோம். விருந்தினர் இரண்டு நாள் இருப்பர். பெற்றோருக்கோ ஆடி மாதச் சாரலும் மார்கழிக் குளிரும் அங்கேதான். தொழுவம் வீடாகலாம். அதில் நாமே ஒரு மழைக்காலம் முழுவதும் உறங்க ஒப்புவோமா என்பதை முதலில் கேட்டு, ஒப்புவோமாயின் மட்டுமே அதில் பிறரை இருத்துவோம்.