மாத்திரை நின்றது, அசதி நிற்கவில்லை

(நாக்பூர் கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை. வெளியூர் அன்பர்களுக்கும் பயன்படும் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



நான் டாக்டர் இல்லை. ரயில்வே கணக்குப் பிரிவில் 35 வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். அப்படிப்பட்டவன் மருந்து விஷயம் பேச வந்ததற்குக் காரணம் உண்டு. இந்த ஹாலில் முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களை எண்ணினால் இரண்டு கை விரல்கள் போதாது. முதுகு வலிக்காரர்கள் இருக்கிறோம். அக்கி வந்து போன பிறகும் நரம்பு வலி போகாமல் அவஸ்தைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் பலருடைய மருந்து டப்பாவில் டிரமடால் என்ற மாத்திரை, தனியாகவோ பாராசிட்டமாலுடன் சேர்ந்தோ இருக்கும்.

அதை நிறுத்திய பிறகு மாதக்கணக்கில் வரக்கூடிய அசதியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் அசதி வந்தவர், "எனக்கு வயசாயிடுத்து, இனிமே இவ்வளவுதான்" என்று முடிவு கட்டிவிடுகிறார். இல்லாவிட்டால் மறுபடி மாத்திரைக்கே போகிறார். இரண்டும் வேண்டாம், அது உடம்பு பழுது பார்த்துக்கொள்ளும் காலம், அதற்கு ஒரு முடிவு உண்டு என்று சொல்லத்தான் இன்று நிற்கிறேன்.

2021 இல் எனக்குக் கீழ் முதுகில் டிஸ்க் ஆபரேஷன் ஆயிற்று. அதன் பின்னும் வலி நீடித்ததால் டிரமடால் 50 மில்லிகிராம், தினம் நான்கு வேளை, 14 மாதம் சாப்பிட்டேன். அந்த மாத்திரையை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் எழுந்து நடந்திருக்க மாட்டேன். ஆனால் ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் எப்படிச் சாப்பிடுவது என்று சொன்னார்களே தவிர, எப்படி நிறுத்துவது, நிறுத்தினால் என்ன வரும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை எனக்குச் சொன்னவர், பிறகு நான் போய்ப் பார்த்த வலி சிகிச்சை டாக்டர்.

டிரமடால் ஓபியாய்டு என்ற மருந்து வகையைச் சேர்ந்தது. மார்ஃபின், கோடீன் எல்லாம் அதே குடும்பம். இந்தக் குடும்பத்தின் மூலம் அபின். நமக்குப் பக்கத்திலேயே, மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர், நீமச் வட்டாரத்தில் அரசாங்க லைசென்ஸோடு பயிராகிறது. நாம் பாயசத்துக்கு அரைக்கும் கசகசா அந்தச் செடியின் விதைதான். டிரமடால் செடியிலிருந்து வருவதல்ல, தொழிற்சாலையில் செய்வது. ஆனாலும் மூளையில் அதே இடத்தில்தான் வேலை செய்கிறது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு இதைப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அட்டையில் சிவப்பு எழுத்தில் 'என்.ஆர்.எக்ஸ்.' என்று போட்டிருப்பது அதனால்தான். உங்கள் ஆத்து மாத்திரை அட்டைகளை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

இந்தச் சட்டத்தின் பெயரைக் கேட்டதும் சிலருக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. "நான் என்ன போதைக்காரனா?" என்கிறார்கள். இல்லை. உடம்பு ஒரு மருந்துக்குப் பழகுவது வேறு, மனசு அதற்கு அடிமையாவது வேறு. டாக்டர் எழுதிக்கொடுத்தபடி ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் உடம்பு பழகத்தான் செய்யும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட்டு டாக்டரிடம் மறைப்பதில்தான் ஆபத்து.

அசதி ஏன் வருகிறது? டாக்டர் எனக்கு விளக்கியதை நம் பாஷையில் சொல்கிறேன். நம் உடம்பே வலி தணிக்கும் பொருளைத் தயாரிக்கிறது. எண்டார்ஃபின் என்று பெயர். ஒரு வருஷம் தினமும் மெஸ்ஸிலிருந்து கேரியர் வந்தால் ஆத்துச் சமையலறை என்ன ஆகும்? அடுப்பு அணைந்து, சாமான் தீர்ந்து கிடக்கும். கேரியர் நின்ற மறுநாளே விருந்து சமைக்க முடியுமா? மளிகை வாங்கி, பாத்திரம் தேய்த்து, அடுப்பு மூட்ட நாள் ஆகும். உடம்பும் அப்படித்தான். போதாததற்கு, டிரமடால் மனநிலையைத் தாங்குகிற செரடோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்களையும் தொடுகிறது. ஆகவே அது நின்றால் உடம்போடு மனசும் தளர்கிறது. நீண்ட நாள் ஓபியாய்டு சாப்பிட்டவர்களுக்குச் சில ஹார்மோன்கள் குறைந்திருக்கலாம். வலியால் மாதக்கணக்கில் நடமாட்டம் குறைந்து தசைகளும் மெலிந்திருக்கும். இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த அசதி.

முதல் விஷயம், திடீரென்று நிறுத்தக்கூடாது. எனக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை 25 மில்லிகிராம் வீதம் ஏழு மாதத்தில் குறைத்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு மாதத்துக்குப் பத்து சதவீதம் அல்லது அதைவிட மெதுவாகக் குறைத்தால் உடம்பு நன்றாகத் தாங்க வாய்ப்பு அதிகம் என்கிறது. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை உடைத்துச் சாப்பிடக் கூடாது. எப்படிக் குறைப்பது என்பதை உங்கள் டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

2023 மே மாதம் கடைசி அரை மாத்திரை. அடுத்த பத்து நாள் மூக்கில் நீர், ஓயாத கொட்டாவி, வயிற்றுப்போக்கு, ராத்திரி கால் குடைச்சல், தூக்கமின்மை. இவை வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், வந்தன, போயின. அதன் பிறகு வந்ததுதான் அசதி. ஸ்நானம் பண்ணி வேஷ்டி கட்டிக்கொண்டால் அரை மணி உட்கார வேண்டும். பேப்பரில் இரண்டு பத்திக்கு மேல் கண் ஓடாது. விஷ்ணு ஸஹஸ்ரநாமத்தை ஒரே அமர்வில் முடிக்க முடியாது. பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்வேன். தூக்கக் கலக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. எதிலும் ருசி இல்லாத ஒரு கனம். பிடித்த பாட்டைப் போட்டால்கூட அது வேறு யாருக்கோ பாடுகிற மாதிரி இருக்கும்.

ஆத்துக்காரி கேட்டாள், "ஏன்னா, ஜுரம் இல்லே, ஷுகர் சரியா இருக்கு, அப்புறம் ஏன் இப்படிச் சாஞ்சுண்டே இருக்கேள்?" அடுத்தாத்து மாமா, "ஓய், ரிட்டயர் ஆனா எல்லாருக்கும் இதான்" என்றார். புனேயிலிருந்து பிள்ளை போனில், "அப்பா, இதுக்கு அந்த மாத்திரையே தேவலையே, பேசாம போட்டுக்கோயேன்" என்றான். மூன்று பேருமே பிரியத்தில்தான் சொன்னார்கள். ஆனால் எந்தப் பேச்சும் உதவவில்லை. ஒரு நாள் மூவரையும் டாக்டரிடம் பேச வைத்தேன், பிள்ளையைப் போனில். அன்றைக்குப் பிறகு ஆத்தில் பாதி பாரம் குறைந்தது.

டாக்டர் முதலில் செய்தது ரத்தப் பரிசோதனை. அசதி எல்லாவற்றையும் மாத்திரை கணக்கில் எழுதிவிடக் கூடாது என்றார். ஹீமோகுளோபின், தைராய்டு, சோடியம், சர்க்கரை, சிறுநீரகம், வைட்டமின் டி, பி12. இதில் பி12 நமக்கு முக்கியம். அது மாமிசத்திலும் பால், தயிரிலும் இயல்பாக உண்டு, காய்கறியில் கிடையாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், வயிற்று எரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரை, இவற்றை வருஷக்கணக்கில் சாப்பிட்டாலும் பி12 குறையலாம். எனக்குக் குறைந்திருந்தது, ஊசி போட்டார்கள். தேவைப்பட்டால் காலை நேர கார்ட்டிசால், ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்களையும் பார்ப்பார்கள்.

இரண்டாவது, தூக்கம். ராத்திரி எப்போது தூங்கினாலும் காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். மொட்டை மாடியில் வெளிச்சத்தில் சந்தியாவந்தனம். மத்தியானம் படுத்தால் அரை மணிக்கு மேல் கிடையாது. காபி மத்தியானம் ஒரு மணிக்கு மேல் நிறுத்தம். இதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது! ஆனால் குடித்த காபியின் வீரியம் பாதியாகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நான்கு மணி டிகாக்ஷன் ராத்திரி ஒன்பது மணிக்கும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

மூன்றாவது, வேலையை அளந்து செய்வது. அசதியில் நல்ல நாளும் வரும், கெட்ட நாளும் வரும். நல்ல நாளில் பாங்க், மார்க்கெட், கோவில் மூன்றையும் முடித்துவிட ஆசை வரும். முடித்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான் என்று டாக்டர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அதனால் முடியும் என்று தோன்றுவதில் முக்கால் பங்கு மட்டும். கெட்ட நாளிலும் கொஞ்சமாவது. ஆத்துக்குள்ளேயே ஐந்து நிமிஷ நடை, தினம் மூன்று முறை என்று ஆரம்பித்தேன். நாக்பூர் வெயில் உங்களுக்குத் தெரியும். மழை வந்து குளிர்ந்த பிறகு அம்பாஜரி ஏரிக்கரைக்குப் போனேன். வாரத்துக்கு இரண்டு நிமிஷம் கூட்டினேன், அதுவும் மறுநாள் உடம்பு தாங்கினால் மட்டும்.

நான்காவது, ஆகாரம். அசதியில் நாம் ரசம் சாதம், தயிர் சாதம் என்று ஒதுங்கிவிடுவோம். தசை ஊற அது போதாது. கெட்டிப் பருப்பு, சுண்டல், பனீர், பால் ஏதாவது ஒன்று வேளைக்கு வேளை சேர்ந்தது. ஏகாதசி உபவாசத்தை அந்த வருஷம் பலகாரமாகத் தளர்த்திக்கொண்டேன். பகவான் கோபிக்கவில்லை.

ஐந்தாவது, என் பழைய தொழில் புத்தி: ஒரு நோட்டு. தினம் ராத்திரி மூன்று எண் எழுதுவேன். தூங்கிய மணி, நடந்த நிமிஷம், தெம்புக்குப் பத்துக்கு எவ்வளவு. நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டால் மனசு உடைந்துவிடும். மாதத்தை மாதத்தோடு ஒப்பிட்டால்தான் விஷயம் புரியும். முதல் மாதம் தெம்பு சராசரி மூன்று. இரண்டாம் மாதமும் மூன்றேதான். மூன்றாம் மாதம் நான்கு. ஐந்தாம் மாதம் ஆறு. அந்த இரண்டாம் மாதத்தில் கைவிட்டவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மார்கழி பிறந்தபோது ஒரு கச்சேரியைக் கடைசி வரை உட்கார்ந்து கேட்டேன். தோடி தோடியாகவே கேட்டது. எல்லோருக்கும் ஏழு மாதம் ஆகும் என்றில்லை. சிலருக்குச் சில வாரம், சிலருக்கு இன்னும் அதிகம்.

இனி, செய்யக்கூடாதவை. இதை மட்டும் மறக்காதீர்கள்.

மாத்திரை நின்று சில வாரம் ஆனால் உடம்பின் பழக்கம் விட்டுப்போகும். அப்போது பழைய அளவை எடுத்தால் மூச்சு அடங்கும் அபாயம் உண்டு. "ஒரே ஒரு நாளைக்கு" என்று தொடாதீர்கள். மிச்ச மாத்திரைகளை அலமாரியில் வைக்காமல், மருந்துக்கடையில் கேட்டு அப்புறப்படுத்துங்கள். தூக்கத்துக்கு என்று அல்பிரஸோலம் போன்றவற்றை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். ஓபியாய்டோடு அது சேர்ந்தால் மூச்சுக்கே ஆபத்து. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டிரமடால் பற்றி டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டும் மோதினால் வலிப்பு வரை போகலாம்.

எழுந்தால் தலைசுற்றல், வாந்தி, எடை குறைதல், மூச்சிரைப்பு, மார்வலி இருந்தால் அது வெறும் அசதி அல்ல. உடனே டாக்டரிடம் போங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினாலும் அப்படியே. அதற்கு மத்திய அரசின் டெலி-மானஸ் 14416 எண் எந்த ஊரிலிருந்தும் உண்டு. மாத்திரையை விடமுடியாமல் தவிக்கிறவர்களுக்கு 14446. பெங்களூரில் நிம்ஹான்ஸ், சண்டிகரில் பி.ஜி.ஐ., சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை ஆகிய இடங்களில் இதற்கென்றே தனிப் பிரிவுகளும் டாக்டர்களும் இருக்கிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு யாரும், "மார்ஃபினா, ஐயோ வேண்டாம்" என்று சொல்லக் கூடாது. புற்றுநோய் வலியில் துடிக்கிறவருக்கு அது வரப்பிரசாதம். அந்த மருந்து ஏழைக்கும் கிடைக்க வேண்டும் என்று திருவனந்தபுரம் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் பல்லாண்டு பாடுபட்டார். 2014 இல் சட்டம் திருத்தப்பட்டு வழி சுலபமாயிற்று. 2018 இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வலியில் தவிப்பவரிடமிருந்து மருந்தைப் பிடுங்குவதும் பாவம்தான்.

ஆகவே இந்த வகை மாத்திரை எழுதிக்கொடுக்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை நாள்? எப்படிக் குறைப்பது? நிறுத்தியபின் என்ன எதிர்பார்க்கலாம்? பிள்ளைகள், மாட்டுப்பெண்கள் யாராவது கூடப் போய்க் காதில் வாங்கிக்கொள்வது நல்லது. ஆத்தில் ஒருவர் இந்த அசதியில் இருந்தால், "எப்பவும் படுத்துண்டே இருக்கியே" என்று சொல்லாமல், "வா, வாசல் வரை போயிட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். நம் கிளையில் யாருக்காவது இந்த நிலை இருந்தால் சொல்லி அனுப்புங்கள். நோட்டோடு நானே வருகிறேன், சேர்ந்து நடப்போம்.