கையில் ஓடும் கரண்ட்

தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது உங்கள் கைத் தசைகளில் மின்சாரம் ஓடுகிறது. பயப்படாதீர்கள், ஷாக் அடிக்காது! தோலின் மேல் அளந்தால் சில மில்லிவோல்ட்தான் தேறும்.

இதை அளக்கும் ஆய்வகக் கருவிகளின் விலை அதிகம். கையில் மாட்டிக்கொள்ளும் மலிவான சென்சார்களும் இப்போது கிடைக்கின்றன. அவற்றை நம்பலாமா?

அதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரே தசையின் மேல் விலை உயர்ந்ததையும் மலிவானதையும் பொருத்துவார்கள். பிடியை முதலில் மெதுவாக, பிறகு பலமாக அழுத்தச் சொல்வார்கள். திரையில் இரண்டு கோடுகளும் சேர்ந்து ஏறி இறங்கினால் பாதி பாஸ்!

மீதிப் பாதி அளக்கும் வேகத்தில் இருக்கிறது. தசை சிக்னல் சுமார் 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கும். கனடா நிறுவனம் ஒன்று தயாரித்த 'மையோ' கைப்பட்டை நொடிக்கு 200 முறைதான் அளந்தது. அப்படி அளந்தால் அதில் பாதி, அதாவது 100 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் சரியாகப் பிடிக்க முடியும். கை மூடியதா, விரிந்ததா என்று அறிய அது போதும். தசையின் சோர்வைத் துல்லியமாகக் கணிக்கப் போதாது.

இன்னொரு விஷயம். வியர்வையும் அழுக்கும் இருந்தால் எந்தக் கருவியும் தடுமாறும். அதனால் முதலில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தோலைத் துடைப்பார்கள். சென்சாரில் சிக்கனம் பிடிக்கலாம், பஞ்சில் பிடிக்கக் கூடாது!