அன்றாடப் பரிவு



டிசம்பர்ப் பூரணை தொடங்கி வெசாக் பூரணை வரை சிவனொளிபாத மலைக்கு மக்கள் திரள்திரளாக ஏறுவதை நீங்கள் அறிவீர்கள். நல்லதண்ணியிலிருந்து செல்லும் படிவழியில், ஏறுவோரும் இறங்குவோரும் எதிர்ப்படும்போது "கருணாவை" என்று சொல்லிக்கொள்வது நெடுநாள் வழக்கம். சொல் சிங்களச் சொல். சொல்பவர் எம்மொழியினராகவும் இருக்கலாம். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, நள்ளிரவில் முகங்கூடச் சரியாகத் தெரியாது. ஆயினும், "உம்முடைய கால் நோவை நானும் அறிவேன்" என்ற குறிப்பு அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. சொல்பவரும் அதே படிகளில் ஏறியவர் அல்லவா?

மலையை விட்டு இறங்கியபின் அச்சொல் எங்கே போய்விடுகிறது என்பதே இன்று நான் உங்களோடு எண்ணிப் பார்க்க விரும்பும் பொருள்.

படிவழியில் ஒருவர்மேல் ஒருவருக்கு அதிகாரம் இல்லை. அங்கே பரிவு எளிது. தோட்டத்திலோ, கந்தோரிலோ, வீட்டிலோ அப்படியன்று. ஒருவர் கையில் தராசு இருக்கிறது. மற்றவர் கையில் கூடை இருக்கிறது. நம்முடைய ஒரு சொல், ஒரு தாமதம், எதிரே நிற்பவருக்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் பார்ப்பதையே நான் பரிவு என்கிறேன். காசு கொடுத்து உதவுவது வேறு. அது எப்போதோ நேர்வது. இந்தக் கணக்கோ நாள்தோறும் நேர்வது.

எங்கள் பூண்டுலோயாவைச் சுற்றி டன்சினன், ஷீன், ஹரோ என்று தோட்டங்கள் பல உள்ளன. எந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டாலும் கொழுந்து நிறுக்கும் வேளையே அன்றைய உழைப்பின் விலை தெரியும் வேளையாகும். செங்குத்தான மலையில், மழையிலும் பனியிலும், அட்டைக்கடியையும் பொறுத்துப் பறித்த கொழுந்து தராசில் ஏறுகிறது. சாக்குக்கும் ஈரத்துக்குமாகச் சில கிலோ கழிகின்றது. குறித்த அளவுக்குக் குறைந்தால் அரைப்பேர்தான். இது முறையா என்பது தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் பேசித் தீர்க்கவேண்டிய பெரிய காரியம். அதற்குள் நான் இப்போது புகவில்லை. ஆனால் அந்த நேரத்தில் பேசப்படும் பேச்சு, தராசருகே நிற்பவருடைய சொந்தப் பொறுப்பு. தம்முடைய தாயின் வயதையொத்த பெண்ணை "ஏய், என்ன இவ்வளவுதானா?" என்று கேட்கும் இளைஞரும் உண்டு. "அம்மாயி, இன்றைக்கு மலை மோசம்தான், கூடையை இங்கே வையுங்கள்" என்று சொல்லி, முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் முன்னே நிறுத்து அனுப்பும் கங்காணிமாரும் உண்டு. இருவரும் எழுதும் கிலோக் கணக்கு ஒன்றாகவே இருக்கலாம். முதல்வரிடம் நிறுத்தவர் வீடுவரை அந்தச் சொல்லையும் சுமந்து செல்கிறார்.

அந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. முன்னாளில் "துண்டு" என்றொரு முறை இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதி, அத்தொகையைச் செலுத்துபவர் அவரை அழைத்துச் செல்லலாம் என்று கொடுத்தார்கள். மனிதரின் விலை ஒரு காகிதத் துண்டில் அடங்கியது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. 1972இலும் 1975இலும் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் மாறினர். துண்டுக் காலத்துப் பேச்சு மட்டும் சில நாவுகளில் இன்னும் தங்கிவிட்டது. அதுவும் நம்மவர் நாவுகளிலேயே! நாவை மாற்றுவதற்குப் பாராளுமன்றம் கூடவேண்டியதில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். வேலைத்தலத்தில் கடுஞ்சொல் கேட்ட அதே பெண் லயத்துக்குத் திரும்பும்போது அங்கே அவளுக்காகக் காத்திருப்பது என்ன? விடியுமுன் நான்கு மணிக்கு எழுந்து, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போனவள் அவள். கவ்வாத்து, மருந்தடிப்பு, கான்வெட்டு போன்ற அளவு வேலைகளுக்குச் செல்லும் ஆடவர் பலர் நடுப்பகல் கடந்து சிறிது நேரத்தில் வீடு திரும்பிவிடுகின்றனர். அவளோ மாலை நிறுவையும் முடிந்தபின்னரே வருகிறாள். வந்ததும் விறகு, தண்ணீர், அடுப்பு, பிள்ளைகள். எல்லோரும் உண்டபின் கடைசியாக அவள் உண்கிறாள். இடையிலுள்ள அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் கணவர் அடுப்பை மூட்டி, ஒரு கேத்தில் வெந்நீர் வைத்து, அரிசியைக் களைந்து வைத்தால் குறையும் மதிப்பு யாது? ஆண்பிள்ளை அடுப்படிக்குப் போவது இழுக்கு என்று என் மாணவர் சிலர் இன்னமும் வாதிடுகிறார்கள். அவர்களுக்கு நான் திருவள்ளுவரின் வைப்புமுறையைக் காட்டுவதுண்டு. விருந்தோம்பலுக்கு அடுத்ததாக, பத்தாம் அதிகாரமாக, இனியவை கூறலை அவர் வைத்தது அரசவைக்குரிய பகுதியில் அன்று; இல்லறத்திலேயாம். வாயிலில் நிற்கும் விருந்தினருக்கு உரிய இன்சொல், அடுப்பங்கரையில் நிற்பவருக்கு மட்டும் உரியதாகாதோ?

கந்தோர்களைப் பற்றியும் ஒரு சொல். "நாளைக்கு வா" என்பது சொல்பவருக்கு இரண்டே சொல். தோட்டத்திலிருந்து வந்தவருக்கோ அது ஒரு நாட்பேர், போகவர பஸ் கட்டணம், மறுநாளும் அவ்வாறே. 1948இல் குடியுரிமை இழந்து, 1964 ஒப்பந்தத்தால் இரு நாட்டுக்கும் பங்கிடப்பட்டு, எஞ்சியோர் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே முழுமையாக உரிமை பெற்ற ஒரு சமூகத்துக்குக் காகிதம் என்றால் இயல்பாகவே ஓர் அச்சம் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறொருவிதமாகவும் பெயர் எழுதப்பட்டு, ஓய்வு பெறும் வயதில் சேமலாப நிதிக்காக அலைபவர்களை நாம் காண்கிறோம். முதன்முதல் அப்பெயரை எழுதியவர், "அம்மா, உங்கள் பெயரை இன்னொரு முறை சொல்லுங்கள்; எழுதியதை வாசித்துக் காட்டுகிறேன்" என்று அரை நிமிடம் செலவிட்டிருந்தால், நாற்பது ஆண்டுகளுக்குப் பின்வரும் அலைச்சல் இல்லாமற் போயிருக்கும். இதைப் பரிவு என்று யாரும் பாராட்டமாட்டார்கள்; கடமையைச் சரிவரச் செய்தார் என்பார்கள். எனக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தாராகிய எங்களுக்கும் தராசு உண்டு. அது வரவு இடாப்பு. மலைநாட்டில் பிள்ளை பிந்தி வருவதற்குச் சோம்பல் ஒன்றே காரணமாக இருப்பது அரிது. தாய் பெரட்டுக்குப் போனபின் தம்பியைக் காம்பராவில் சேர்த்துவிட்டு வரவேண்டும். ஓடையில் நீர் பெருகியிருந்தால் சுற்றுவழி. வாயிலிலேயே நிறுத்தி ஏசினால் அப்பிள்ளை மறுநாள் பிந்தி வராது, வராமலே இருந்துவிடும். இதை உணர்ந்த ஆசிரியை ஒருவரை நான் அறிவேன். தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் அவர் முதற்பாட வேளையில் புதிய பாடம் எதையும் தொடங்குவதில்லை. முந்தினநாட் பாடத்தையே பிள்ளைகளைக் கொண்டு மீட்டுச் சொல்லச் செய்வார். நனைந்து வரும் பிள்ளை பின்வாயிலால் நுழைந்து, சட்டையின் நீரைப் பிழிந்துவிட்டுத் தன் இடத்தில் அமரும். அவர் தலையசைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்வார். இரண்டாம் பாடவேளை மணி அடிக்கும்போது வகுப்பு நிறைந்திருக்கும்.