வாதத்தில் ஓட்டை எங்கே?

(வாலிபர் கூட்டமொன்றில் நாம் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒருவகைப் பரீட்சைக் கேள்வியைப் பற்றியது. அமெரிக்கக் கல்லூரிகளுக்காக ஏற்பட்ட பரீட்சையைப் பற்றி நமக்கு என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நம் பிள்ளைகளிலும் பலர் இன்று அதை எழுதுகிறார்கள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தக் கேள்விக்கு வேண்டிய புத்தி பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவனுக்கும் தினந்தோறும் வேண்டியிருக்கிறது என்பதேயாகும்.

அமெரிக்காவில் சட்டக் கல்லூரியில் சேருகிறவர்களுக்கென்று எல்சாட் என்னும் பரீட்சை 1948 முதல் நடந்து வருகிறது. வியாபார நிர்வாகம் படிக்கிறவர்களுக்கு ஜிமேட் என்று ஒன்று. அது 1954-ல் வேறு பெயரோடு ஆரம்பமாயிற்று. எல்சாட்டில் 2024 ஆகஸ்டு முதல் மார்க்குக்குரிய மூன்று பகுதிகளில் இரண்டு பகுதிகள் வாதங்களைச் சோதிக்கிற கேள்விகளே. ஜிமேட்டின் மொழிப் பகுதியில் 45 நிமிஷத்துக்கு 23 கேள்விகள். அவற்றிலும் இந்த வகை வருகிறது. ஒரு கேள்விக்கு இரண்டு நிமிஷம்கூட முழுசாகக் கிடையாது.

இதற்கு மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லை. நாலைந்து வரியில் ஒரு வாதத்தைச் சொல்லி, கீழே ஐந்து விடைகளைக் கொடுத்து, இவற்றில் எது அந்த வாதத்தைப் பலவீனப்படுத்தும், எது பலப்படுத்தும், எதைச் சொல்லாமலே நம்பிக்கொண்டு வாதம் நிற்கிறது என்று கேட்பார்கள். அவ்வளவுதான். அந்த மாதிரியில் நாமே ஒன்று சொல்லுகிறோம், கேளுங்கள்.

ஓர் ஊரில் இரண்டு ஆஸ்பத்திரிகள். பெரிய ஆஸ்பத்திரியில் சேருகிற நோயாளிகளில் 100-க்கு 6 பேர் இறக்கிறார்கள். சின்ன ஆஸ்பத்திரியில் 100-க்கு 2 பேரே இறக்கிறார்கள். ஆகவே சின்ன ஆஸ்பத்திரியின் வைத்தியமே மேலானது என்கிறார் ஒருவர். இந்த வாதத்தை அதிகம் பலவீனப்படுத்துவது எது?

ஒன்று: சின்ன ஆஸ்பத்திரியில் கட்டணம் குறைவு. இரண்டு: பெரிய ஆஸ்பத்திரி நூறு வருஷமாகப் பேர் பெற்றது. மூன்று: பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிகளின் தொகை அதிகம். நான்கு: நோய் முற்றியவர்களைச் சின்ன ஆஸ்பத்திரி சேர்த்துக்கொள்ளாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறது. ஐந்து: சின்ன ஆஸ்பத்திரியில் குணமானவர்கள் அதைப் புகழ்கிறார்கள்.

கட்டணத்துக்கும் வைத்தியத்தின் தரத்துக்கும் இங்கே சம்பந்தமில்லை. நூறு வருஷப் பேர் என்பது வெறும் பழமை. கணக்கு 100-க்கு இத்தனை என்று இருப்பதால் தொகை அதிகம் என்பதும் செல்லாது. புகழ்ச்சி வாதத்துக்குத் துணை போகுமேயொழிய அதைப் பலவீனப்படுத்தாது. நான்காவதுதான் விடை. சாகக் கிடக்கிறவர்களை ஓரிடத்தில் சேர்த்துவிட்டு அங்கே சாவு அதிகம் என்று சொன்னால், அது வைத்தியத்தின் குற்றமாகுமா?

ஆனால் இங்கேதான் அனேகர் இன்னொரு தவறு செய்கிறார்கள். அப்படியானால் பெரிய ஆஸ்பத்திரியே மேலானது என்று தாவிவிடுகிறார்கள். அதையும் யாரும் ருஜுப்பிக்கவில்லை. சொன்ன காரணத்திலிருந்து சொன்ன முடிவு வரவில்லை என்பது மாத்திரமே நாம் கண்டது. எது மேலானது என்பதற்கு இனிமேல்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இனி, சொல்லாமல் விட்ட நம்பிக்கையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சந்தேகப்படுகிற வாக்கியத்தைத் தலைகீழாக மாற்றிப் பாருங்கள். "இரண்டிலும் சேருகிறவர்களின் நோய் ஏறக்குறைய ஒரே கடுமையானது" என்பதை "ஒரே கடுமையானதல்ல" என்று மாற்றினால் வாதம் விழுந்துவிடுகிறது. ஆகவே வாதம் அதன்மேல்தான் நின்றது. மாற்றியும் வாதம் விழாவிட்டால், அது அஸ்திவாரமல்ல.

இது பரீட்சைக்கு மாத்திரம் உதவுகிற சங்கதியல்ல. 1936-ல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, லாண்டன் ஜெயிப்பார் என்று சொல்லிற்று. நடந்தது என்ன? 48 ராஜ்யங்களில் 46-ல் ரூஸ்வெல்ட் ஜெயித்தார். சீட்டு போன பெயர்களில் பெரும்பாகம் டெலிபோன் புத்தகத்திலிருந்தும் மோட்டார் பதிவிலிருந்தும் எடுத்தவை. பதில் எழுதினவர்களோ அவர்களிலும் ஒரு பகுதியே. பதில் எழுதினவர்களும் தேசத்தாரும் ஒரே மாதிரி என்பது அவர்கள் சொல்லாமலே நம்பின நம்பிக்கை. எவ்வளவு லட்சம் சீட்டு இருந்தாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியவில்லை.

பிறர் தவறைச் சொல்லுகிறபோது நமது தவறையும் சொல்ல வேண்டும். சென்ற வருஷம் ஒரு கூட்டத்தில் நாமே பேசினோம்: "நமது வாசகசாலைக்கு வருகிற பிள்ளைகள் அனேகமாக எல்லோரும் தேறினார்கள், வராதவர்களில் பலர் தவறினார்கள், ஆகவே வாசகசாலையே காரணம்" என்றோம். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு வாலிபர் மாத்திரம் எழுந்து, "ஐயா, படிப்பில் ஆசையுள்ளவன்தானே வாசகசாலைக்கே வருகிறான்? அவன் வராவிட்டாலும் தேறியிருப்பானல்லவா?" என்று கேட்டார். நமக்குப் பதில் வரவில்லை. வாசகசாலை வீண் என்று அவர் சொல்லவில்லை. நாம் காட்டிய ருஜு போதாது என்றார். தவறிய பிள்ளைகள் சிலரை வரச்செய்து, ஒரு வருஷம் பொறுத்து, அவர்களுடைய பழைய மார்க்கையும் புது மார்க்கையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நாம் பேசியிருக்க வேண்டும்.

அன்றைக்கு நாம் ஏன் ஏமாந்தோம்? முடிவு நமக்குப் பிரியமானது. அதனால் காரணத்தைச் சோதிக்கவில்லை. பரீட்சையிலும் கெட்டிக்காரர்கள் தவறுவது பெரும்பாலும் இதனால்தான். தமக்குப் பிடித்த அபிப்பிராயத்தோடு ஒத்துப்போகிற விடையைக் கண்டதும் குறித்துவிடுகிறார்கள். எதிரியின் வாதத்தில் ஓட்டை பார்க்க யாருக்கும் தெரியும். நம்மவன் பேசும்போது, அதிலும் நாமே பேசும்போது, பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி.

ஆகவே தோழர்களே! இங்கே நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய், முடிவு என்ன, காரணம் என்ன, இடையில் சொல்லாமல் விட்டது என்ன என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஓட்டை கண்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.